மாத்திரைதான் அடித்தது என்கிறார்கள்

தேங்காய் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்க்கையன்கோட்டையில் என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் சுற்றி வளைத்தால் மறைக்கிறேன் என்பார்கள்.

அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். இருமுடி கட்டுகிற அன்று எங்கள் வீட்டுக் கூடம் நிறையச் சாமிமார்கள். வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து முடியில் கைப்பிடி அரிசி போட வேண்டும். நானும் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் அக்கா புருஷன். மச்சான் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர், வாய் சும்மா இருக்காது. என் காதுப் பக்கம் குனிந்து, ஆனால் கூடத்துக்கே கேட்கிற மாதிரி, "என்ன வித்யா, இன்னைக்குப் பித்து மாத்திரை போட்டாச்சா? சாமி முடியில கை வைக்கப் போறியே" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பக்கத்தில் தாம்பாளத்தில் நெய் நிறைத்து அடைத்த தேங்காய் இருந்தது. அதை எடுத்து அவர் முகத்தில் அடித்தேன். எறிந்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள், அது பொய். கையில் பிடித்தபடியேதான் அடித்தேன்.

புருவம் கிழிந்தது, தேங்காய் உடைந்தது, அவர் சட்டையெல்லாம் நெய்யும் ரத்தமும். அக்கா ஏழு மாத வயிற்றோடு அலறிக்கொண்டு ஓடிவந்து என்னைப் பிடித்தாள். அவளையும் தள்ளினேன். சுவரில் மோதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மறுநாள் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இனி வியாதிக்கு வருகிறேன். தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காதல் தோல்வியா, பெயிலா, எவனாவது ஏமாற்றினானா என்று உறவுக்காரர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். எதுவும் இல்லை என்றால் நம்பமாட்டார்கள். குளிக்கத் தோன்றவில்லை. சோறு மண் மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இறங்கத் தோன்றாமல் சின்னமனூரைத் தாண்டிப் போய்விடுவேன். செத்துப்போனால் நல்லது என்று ஒருநாள் அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னேன், ரசம் ஊற்று என்கிற மாதிரி. அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஊர் பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம். காத்திருந்தது அரை நாள். உள்ளே இருந்தது, நாற்காலி சூடாகிற நேரம்கூட இல்லை. மனச்சோர்வு என்றார், ஆங்கிலத்தில் டிப்ரஷன். மாத்திரை எழுதினார். கொஞ்ச நாள் கழித்து, போதவில்லை என்று கேப்ஸ்யூலுக்கு மாற்றினார். "சரியாயிரும், போயிட்டு வாங்க." அவ்வளவுதான். இளவயசுக்காரர்களுக்கு இதைத் தொடங்குகிறபோதும், அளவு மாறுகிறபோதும் சிலருக்குத் தவிப்பும் எரிச்சலும் வரலாம், வந்தால் உடனே ஓடிவா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உரம் விற்கிற கடைக்காரர்கூட மூட்டையைத் தூக்கிக் கொடுக்கும்போது எவ்வளவு போடணும், எப்போது போடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறார். அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆற மாட்டேன் என்கிறது.

அதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. அப்பா மாலை போட்டார். மாலை போட்ட வீடு எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கறி இல்லை, முட்டை இல்லை, முட்டை போட்ட பிஸ்கட்கூட இல்லை. ஒருநாள் பூஜைக்கு வந்த குருசாமி அலமாரியில் என் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார்.

"சாமி, இந்தக் குழாய் மாட்டெலும்புல செய்றதுன்னு சொல்றாக. வெரதம் இருக்கிற வீட்ல இதை வச்சிருக்கலாமா?"

கேப்ஸ்யூலின் மேலுறை ஜெலட்டின். விலங்கின் எலும்பு, தோலிலிருந்துதான் பெரும்பாலும் செய்கிறார்கள், அது உண்மைதான். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்தை நிறுத்தவும் பயம், சாமி குத்தத்துக்கும் பயம். அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் கேப்ஸ்யூலைப் பிரித்து, மேலுறையைத் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கைகால் கழுவி வந்து, உள்ளே இருந்த குட்டிக் குட்டி உருண்டைகளைத் தேனில் போட்டாள். உருண்டை பல்லில் சிக்கிக் கசக்கிறது என்று நான் சொன்னேன். அதனால் கரண்டியின் முதுகால் நன்றாக நுணுக்கி, நைசாகக் குழைத்துக் கொடுத்தாள். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி நாக்கில் தடவினாள். நானும் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பி.காம். படிக்கிற கழுதை.

அடுத்த சில நாட்களில் என் உடம்பு என் உடம்பாக இல்லை. காலையில் மருந்து இறங்கியதும் நெஞ்சு படபடக்கும், தோலுக்குள் எறும்பு ஊரும். உட்கார முடியாது, நிற்க முடியாது, கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். சாயங்காலமானால் தலைக்குள் மின்சாரம் தொட்ட மாதிரி வெட்டும். யாராவது தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால்கூட அவர்கள் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருக்கும். இந்த உட்கார முடியாத தவிப்புக்கு டாக்டர்கள் அகதீசியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மா வைத்த பெயர் கண்ணேறு. வாசலில் பூசணிக்காய் கட்டினாள். அந்த நிலையில்தான் இருமுடி கட்டுகிற நாளும் வந்தது, மச்சானும் வாயைத் திறந்தார்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். சேர்த்ததும் முதலில் துப்பட்டாவை வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் சுடிதார் பேண்ட்டின் நாடாவை உருவிக்கொண்டார்கள். கழுத்தில் போட்டுக்கொள்ளாமல் இருக்கவாம். காரணம் புரிகிறது. ஆனால் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஊசிக்கு நீட்டிக்கொண்டு, "ஏம்மா கையைத் தளர்வா வை" என்று திட்டும் வாங்கினால் எப்படி இருக்கும் என்று நாடாவை உருவச் சொன்ன புண்ணியவான்கள் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். எலாஸ்டிக் வைத்த பேண்ட் ஒன்று வாங்கி வரும்வரை நான் அப்படித்தான் வார்டில் நடந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பி தாறுமாறாக வேலை செய்தாலும் மனசு இப்படிக் கெடுமாம், அது இல்லை என்று உறுதி செய்ய. நெஞ்சில் வயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். சில மருந்துகள் இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றிவிடும் என்பதால் முன்கூட்டியே பார்த்து வைப்பார்களாம். டெஸ்ட்டுகள் பரவாயில்லை, ஊசி எதுவும் கேள்வி கேட்காது. பார்வையாளர் நேரம்தான் நரகம்.

சித்தப்பா வந்தார், ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் செல்போனோடும். பாட்டிலை அம்மாவிடம் கொடுத்தார், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எந்த நாட்டிலோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் துப்பாக்கி எடுத்துச் சுட்டானாம், அவன் இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டவனாம், பின்னணியில் பயங்கரமான இசை.

"பாத்தியா ஆத்தா? எல்லாம் இந்தக் கம்பெனிக்காரங்க பண்ற வேல. நீ தங்கமான புள்ள. உன்னைய அடிக்க வச்சது மாத்திரை. இன்னையோட எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிரு."

அவர் போன மறுநாள் மச்சானுடைய அம்மா வந்தார். எனக்கு அத்தை முறை. கட்டிலுக்குப் பக்கத்தில் வரவேயில்லை, கதவோரமாகவே நின்று அம்மாவிடம் பேசினார்.

"மாத்திரை சாப்பிடாத புள்ளைக ஊர்ல கோவப்படலயா? கொலவெறி ரத்தத்துல இருக்கு. இதை வெளிய விட்டா நாளைக்கு யார் மண்டைன்னு யாருக்குத் தெரியும்? எம் மருமக பிரசவத்துக்கு ஒங்க வீட்டுக்கு வரணும்னா, இது அங்கன இருக்கக் கூடாது. எங்கயாச்சும் ஹோம்ல சேத்து விட்டிருங்க."

'இது' என்றார். நான் அங்கேதான் படுத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம், அதுவும் தலைப்பிரசவம். அக்காவுக்காக அம்மா அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள், பழைய வேட்டியெல்லாம் துவைத்துக் கிழித்துக் குழந்தைத் துணி மடித்து வைத்திருந்தாள். இப்போது அக்கா வருவாளா மாட்டாளா என்பது என் தலையில் வந்து விழுந்தது. அத்தை போனதும் அம்மா என்னைத் திட்டவில்லை. தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள்.

அப்பா மலைக்குப் போகவில்லை. மாலையைக் கழற்றவும் இல்லை. பெண்கள் வார்டு என்பதால் பார்வையாளர் நேரம் தவிர ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், வராந்தாவிலேயே கறுப்பு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். போகிற வருகிற நர்ஸ்கள் "சாமி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார்கள். நோயாளி ஒருத்தி ஜன்னல் வழியாக அவரைக் கும்பிட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் எனக்குத் திடீரென்று பசித்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு, நாக்கு கேட்டு வந்த பசி. ஜன்னலருகே போய், "அப்பா, புரோட்டாவும் கோழியும் வேணும்" என்றேன். சொன்ன பிறகுதான் அவர் கழுத்தில் மாலை கண்ணில் பட்டது. வேண்டாம்ப்பா என்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

கறுப்பு வேட்டியும் மாலையுமாக அசைவ ஹோட்டல் வாசலில் நின்று கோழிச் சால்னா பார்சல் வாங்கியிருக்கிறார். கடைக்காரர் இரண்டு தரம் கேட்டாராம், "சாமி, இது கறிக்கடை." "தெரியும்யா, எம்மகளுக்கு" என்றாராம். பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

"சூடா சாப்பிடு ஆத்தா. ஐயப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

எலும்பைக்கூட விடாமல் தின்றேன். அழுதுகொண்டே தின்றதில் உறைப்பு கண்ணாலும் மூக்காலும் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் ஒரு பெண். வந்ததும் என்னிடம்தான் பேசினார், அம்மாவிடம் அல்ல. அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம். "மாத்திரையை எப்படி சாப்பிடுவே? சொல்லாதே, செஞ்சு காட்டு" என்றார். அம்மா முந்திக்கொண்டாள். எவ்வளவு சுத்தபத்தமாகச் செய்தேன் என்ற பெருமையோடு கேப்ஸ்யூலைப் பிரிக்கிற மாதிரியும், கை கழுவுகிற மாதிரியும், கரண்டியால் நுணுக்குகிற மாதிரியும் காட்டினாள். டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, அந்த உருண்டை ஒவ்வொண்ணும் மெதுவா கரையற மாதிரி செஞ்சது. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா இறங்கணும். நுணுக்கினா மொத்தமும் ஒரேயடியா இறங்கிடும். அப்புறம் சீக்கிரமே வடிஞ்சிடும். காலைல ஏத்தம், சாயங்காலம் இறக்கம். தினமும் அப்படித் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கு."

அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். நான் கேட்டேன், "அப்ப என் மச்சானை அடிச்சது மாத்திரைதானா?"

"தெரியாது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இவ்வளவு படிச்சிட்டு தெரியாதுன்னா என்ன அர்த்தம்?"

"நிஜமாவே தெரியாதும்மா. உன் வயசுல இந்த மருந்துல தவிப்பும் கோபமும் வர்ற சில பேர் உண்டு, அதை முதல்லயே உனக்குச் சொல்லிருக்கணும், அடிக்கடி வரச் சொல்லிப் பார்த்திருக்கணும். நுணுக்கினது அதைக் கூட்டியிருக்கலாம். வியாதியே சில பேருக்கு அழுகையா வராம எரிச்சலா வரும். உங்க மச்சான் பேசின பேச்சும் இருக்கு. இதுல எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்றவங்க யாராயிருந்தாலும் நம்பாதே. இந்த மருந்து சாப்பிடறவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரு ஈயைக்கூட அடிக்கிறதில்லை. மருந்து இல்லாமலே செத்துப்போனவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதுவரை எனக்குக் கிடைத்ததில் பொய் இல்லாத பதில் அது ஒன்றுதான். கேப்ஸ்யூலைப் படிப்படியாகக் குறைத்து, சாதாரண வட்ட மாத்திரை ஒன்றுக்கு மாற்றினார். அப்படியே விழுங்கு, நீயாக நிறுத்தாதே, உள்ளுக்குள் எறும்பு ஊர ஆரம்பித்தால் உடனே போன் பண்ணு என்று என்னிடமும் சொன்னார், அம்மாவிடமும் சொன்னார், ஜன்னல் வழியாக அப்பாவிடமும் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகத் தவிப்பு அடங்கியது. ஒருநாள் காலையில் பக்கத்துக் கட்டில் அம்மாள் சொன்ன ஜோக்குக்குச் சிரித்தேன். சிரித்த பிறகுதான் சிரித்தது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சித்தப்பா சமாதானம் பேசி முடித்திருந்தார். வளைகாப்புக்கு முந்தின வாரம் கம்பத்தில் மச்சான் வீட்டில் எல்லோரும் உட்கார வேண்டும். நான் இரண்டு காரியம் செய்தால் போதும். ஒன்று, மாத்திரைதான் அடித்தது, நானாக அடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டு, இனி மாத்திரையைத் தொடமாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும்.

"அவுக எறங்கி வந்திருக்காக" என்றார் சித்தப்பா, வழியெல்லாம். "ஒத்தை வார்த்தை. பழி மாத்திரை மேல போயிரும். ஒனக்கும் கலியாணம் காச்சி ஆகணும்ல? அக்கா வீட்டுக்கு வந்துருவா. யாருக்கும் நட்டமில்ல."

யாருக்கும் நட்டமில்லையாம். ஆஸ்பத்திரியில் அத்தைக்கு நான் ஒரு கொலைகாரி. இங்கே நான் ஒரு காலி பாட்டில், எது ஊற்றுகிறார்களோ அது அடிக்கும். இரண்டிலும் வித்யா என்று ஒருத்தி இல்லை.

போய் உட்கார்ந்தோம். காபி வந்தது. மச்சான் எதிரே இருந்தார், புருவத்தில் தையல் போட்ட தழும்பு. அக்கா வாசற்படிக்கு உள்பக்கம் நாற்காலியில், கையை வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்தாள். அன்றைக்குப் பிறகு அப்போதுதான் அவளைப் பார்க்கிறேன். சித்தப்பா தாம்பாளத்தில் சூடத்தை வைத்து, "சொல்லு ஆத்தா" என்றார்.

"மச்சான், ஒங்களை அடிச்சது நான்தான்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "என் கைதான். அப்ப என் ஒடம்பு என் வசத்துல இல்ல, அது நெசம். மருந்தை நாங்க தப்பா சாப்பிட்டதும் நெசம். நீங்க பேசினதும் நெசம். அதுக்காக நான் அடிக்கலைன்னு ஆயிராது. மன்னிச்சிருங்க. ஆனா மாத்திரையை நிறுத்த மாட்டேன். நிறுத்துனா நான் பழையபடி பஸ்ஸை விட்டு எறங்கத் தோணாம உக்காந்திருப்பேன். ஒருநாள் எறங்கவே மாட்டேன்."

"பாத்தீகளா திமிர?" என்று அத்தை எழுந்துவிட்டார். சித்தப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். மச்சான் போனைத் தேய்த்துக்கொண்டே யாரையும் பார்க்காமல், "பேசிருக்க வேணாம்தான், நானும்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அத்தை விடவில்லை. "அப்ப எம் மருமக அங்கன வரமாட்டா. மாத்திரையை நிறுத்துனாத்தான் வருவா."

"அவ மாத்திரையை நிறுத்துனா நான் வரமாட்டேன்" என்றாள் அக்கா.

உள்ளேயிருந்துதான் சொன்னாள், சத்தம் போடாமல். அத்தை திரும்பிப் பார்த்தார். "போன வருஷம் பூரா அவ கெடந்த கெடப்பை நான் பாத்தேன் அத்தை. நீங்க பாக்கல. எம்புள்ள பொறக்கும்போது எந்தங்கச்சி உசுரோட இருக்கணும்."

தாம்பாளத்தில் இருந்த சூடத்தைப் பற்றவைக்காமலே எடுத்துக்கொண்டு சித்தப்பா எழுந்தார். வெளியே வந்ததும் என்னிடம், "கெடுத்துட்டியே" என்றார். அவர் இன்னும் எனக்கு வீடியோ அனுப்புகிறார். நான் பார்க்காமலே அழிக்கிறேன்.

வளைகாப்பு முடிந்து அக்கா வந்துவிட்டாள். அத்தை வாசல்வரை வந்து கொண்டுவிட்டுப் போனார், உள்ளே வரவில்லை. மதியம் சாப்பிட்டோம், அம்மா பரிமாறினாள், எல்லோரும் தேவைக்கு அதிகமாகப் பேசினோம். சாப்பிட்டதும் அக்கா புதுச் சுண்ணாம்பு வாசனை அடிக்கிற அந்த அறைக்குப் படுக்கப் போனாள். கதவு மூடியது. அப்புறம் உள்தாழ்ப்பாள் இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அடுப்படிக்குப் போனேன், திரும்பி வந்தேன். கோபமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், கோபம் இல்லை. அவமானம், கொஞ்சம் அழுகை. அவள் எழுந்து கதவைத் திறந்ததும் நேரே கேட்டுவிட்டேன்.

"என்னையக் கண்டா பயமா இருக்காக்கா?"

அவள் உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். கண்ணைக் கசக்கினாள், கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"பயமாத்தான்டி இருக்கு. அதுக்காக வராம இருப்பனா?"

"பயம் போற வரைக்கும் தாழ்ப்பாள் போட்டுக்க" என்றேன்.

"போடத்தான் போறேன்" என்றாள். "இப்ப உள்ள வந்து காலை அமுக்கி விடு. ரெண்டும் வீங்கிக் கெடக்கு."